பாலைவனத்திலிருந்து ஒரு ‘வாறன்’

என்னைப் பாலைவனத்துக்கு அனுப்பியது என் அம்மா. தங்கச்சி தனியாகப் போகக்கூடாது என்பதுதான் காரணம்.

தங்கச்சி இந்தப் பயணத்தை நீண்ட காலமாகத் திட்டமிட்டிருந்தாள். அமெரிக்காவின் மேற்குப் பக்கமாக, மெக்சிக்கோ எல்லையில் தொடங்கி வடக்கே போகும் ஒரு நெடும் நடைபாதை. முழுவதும் நடக்க ஐந்தாறு மாதம் வேண்டும். அவள் நடக்கவிருந்தது முதலில் வரும் பாலைவனத்தில் ஒரு துண்டு, மூன்று கிழமை, இருபத்தொரு நாள் நடை. கூட வரவிருந்த தோழி கடைசி நேரத்தில், லண்டனில் எங்கள் நோர்பரி ஸ்டேஷன் படியில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். செய்தி அம்மா வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே இருந்து மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன்.

"தனியப் போகேலாது," என்றார் அம்மா.

"அம்மா, எனக்கு இருபத்தாறு வயசு."

"அதைத்தான் நானும் சொல்லுறன். கலியாணம் கட்டாத பிள்ளை. நாளைக்கு ஆரும் விசாரிச்சால் என்ன சொல்லுறது? வனாந்தரத்திலை தனிய நிண்டவள் எண்டோ?"

வனாந்தரம் என்பது அம்மாவுக்குப் பைபிளில் வரும் இடம். அங்கே போகிறவர்களைச் சாத்தான் சோதிப்பான். ஆனால் அம்மாவைக் கலக்கியது சாத்தானோ பாம்போ தண்ணீர்ப் பஞ்சமோ அல்ல. ‘தனிய’ என்ற ஒரு சொல்தான். தங்கச்சி தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ கூடப் போனால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

நான் பார்மசிஸ்ட். வாரத்தில் மூன்று நாள் வேலை. அதுவரை நான் நடந்த மிக நீண்ட நடை, குரோய்டனில் டிராம் ஓடாத ஒரு நாள் வீட்டுக்கு நடந்ததுதான். மகளுக்கு இரண்டரை வயது. அவளை ஒரு இரவுகூடப் பிரிந்திருந்ததில்லை. இவற்றையெல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பாப்பம்," என்று வந்தது. எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் சம்மதம்.

கணவரிடம் கேட்டேன். "உம்மட விருப்பம்," என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். போகாதே என்றால் போகாமல் இருந்திருப்பேன், போ என்றால் கோபித்துக்கொண்டாவது போயிருப்பேன். உம்மட விருப்பம் என்றால் முழுக் கணக்கையும் நானே போடவேண்டும். கணவரின் அம்மா, என் மாமி, வந்து மூன்று கிழமையும் மகளைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். "நீ போட்டு வா, பிள்ளை. எனக்கெண்டால் மனம் வராது. ஆனால் நீ போ."

என் பயம் ஒன்றுதான். திரும்பி வரும்போது மகள் என்னிடம் வரமாட்டாள். இணையத்தில் தேடினேன். வருவாள் என்றும் இருந்தது, வரமாட்டாள் என்றும் இருந்தது, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்றும் இருந்தது.

பயிற்சிக்கு முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நோர்பரியிலிருந்து டூட்டிங்குக்கு நடந்தேன். தண்ணீரும் சாப்பாடும் சேர்ந்தால் அவ்வளவு பாரம் வரும் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். வழியில் எங்கள் மாதா கோயில் அன்ரி ஒருவர் காரை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை சுமந்துகொண்டு போறாய்?"

"அரிசி, அன்ரி."

"டூட்டிங்கிலை இல்லாத அரிசியோ? இஞ்சயிருந்து கொண்டு போறாய்?"

"இல்லை அன்ரி, சும்மா சுமந்து பழகிறன்."

அன்ரி கார்க் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். "அவர் காரைத் தரமாட்டாரோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் என் கையைப் பிடித்து, என்ன பிரச்சினை என்றாலும் சொல்லச் சொன்னார்கள். கணவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை.

*

பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்திருந்தேன். மணல் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கல்லும் முள்ளும். பகலில் வெயில் தலையில் இறங்கும், இரவில் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் பனி கட்டும். வெள்ளி நிறக் குடையைப் பையில் செருகிக்கொண்டு நடந்தோம். குடை கொண்டு போகிறோம் என்று கேட்டபோது மட்டும் அம்மா முழு மனதாகச் சந்தோஷப்பட்டிருந்தார்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அடுத்த தண்ணீர் எங்கே என்று பார்த்து, அதுவரைக்கும் வேண்டியதைச் சுமக்கவேண்டும். நான் எப்போதும் இரண்டு லீட்டர் கூடுதலாகச் சுமந்தேன். தங்கச்சி சிரித்தாள். "அக்கா, யூ ஆர் கேரியிங் யுவர் ஃபியர்ஸ்," என்றாள். பயங்களைச் சுமக்கிறேனாம். இரண்டு லீட்டர் பயம் இரண்டு கிலோ. பின்னேரங்களில் அதில் அவளும் குடித்தாள்.

சாப்பாட்டுக்கு நான் கொண்டு போனது வறுத்த உழுத்தம்மாவும் சீனியும் கலந்து கட்டிய பைகள். வெந்நீரை ஊற்றிக் குழைத்தால் போதும். மற்ற நடைக்காரர்கள் காய்ந்த நூடில்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். எங்கள் சட்டி திறந்ததும் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பாதையில் யாரும் சொந்தப் பெயரில் நடப்பதில்லை. கூட நடப்பவர்கள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், அதுதான் கடைசிவரை. தங்கச்சி காலையிலிருந்து மாலைவரை என்னை அக்கா, அக்கா என்று கூப்பிட, எல்லோரும் அதுதான் என் பட்டப்பெயர் என்று முடிவு செய்துவிட்டார்கள். எழுபது வயது வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் தன் மனைவியோடு நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு விடியற்காலையும் தொப்பியைத் தூக்கி, "குட் மார்னிங், அக்கா," என்பார். முதல் நாள் திருத்த நினைத்தேன். அதற்கு வயது, உறவுமுறை எல்லாம் விளக்கவேண்டும். ஏற்றமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மகளை நினைக்காத நேரம் இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் சில மணித்தியாலங்கள் நினைக்கவில்லை. காலைப் பார்த்து, நிழலைப் பார்த்து, போத்தலைப் பார்த்து நடந்துவிட்டு, திடீரென்று நினைவு வரும். இவ்வளவு நேரம் நினைக்கவில்லையே என்று அடுத்த ஏற்றம் முழுவதும் யோசிப்பேன். நல்ல தாய் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நினைப்பாள் என்று தங்கச்சியிடம் கேட்டேன். "அக்கா, பிளீஸ். தண்ணியைக் குடி," என்றாள்.

*

பாதி தூரத்தில் ஒரு சிறு ஊர் வரும். பாதையிலிருந்து இறங்கி, யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால் அடையலாம். ஒரே ஒரு தெரு. ஒரு மோட்டல், ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு தபால் கந்தோர், காசு போட்டுத் துணி தோய்க்கும் ஓர் இடம். அங்கே ஒரு நாள் தங்கிப் போவது வழக்கம். நடக்காத நாளை நடைக்காரர்கள் ‘ஸீரோ’ என்கிறார்கள். அன்றைய நடை பூச்சியம் என்பது கணக்கு. ஸீரோ எடுத்தேன் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

துணி தோய்க்கும் இடத்துக்குள் நுழைந்தபோது ஏழெட்டுப் பேர் மழைக்கோட்டும் மழைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். வெளியே மாதக்கணக்காக மழை இல்லை. எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எல்லோரிடமும் இருப்பது ஒரு மாற்றுத் துணிதான். அதுவும் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் போகாத ஒரே துணி மழைத்துணி. நானும் மழைக்கோட்டைப் பூட்டிக்கொண்டு வெள்ளைத்தாடிக்காரருக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருப்பது போல இருந்தது.

மறுநாள் காலை, புறப்படும் முன், வீட்டுக்கு வீடியோவில் போன் எடுத்தேன். லண்டனில் பின்னேரம். மாமிதான் எடுத்தார். திரையில் வீட்டின் மேல்முகடு மட்டும் தெரிந்தது.

"மாமி, போனைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ."

மாமியின் நெற்றி தெரிந்தது. "நீ நல்லாய்க் கறுத்துப் போனாய், பிள்ளை."

"மகள் எங்க?"

"இஞ்ச மேசைக்குக் கீழ. பிள்ளைக்கு நேற்று மேல் சுட்டது. இப்ப ஒண்டுமில்லை. உனக்குச் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான். யோசியாதை."

"எவ்வளவு காய்ச்சல்? பாத்தனீங்களோ?"

"பாத்தனான். கையை வைச்சுப் பாத்தனான்."

மேசைக்குக் கீழே ஒரு கால் மட்டும் தெரிந்தது. மாமி குனிந்து, "அம்மாவைப் பார் செல்லம், அம்மா எங்க?" என்றார். ஒரு கை வெளியே வந்து குளிர்சாதனப் பெட்டியைக் காட்டியது. அதன் கதவில் என் புகைப்படம் ஒட்டியிருந்தது. கை உள்ளே போய்விட்டது.

கணவர் போனை வாங்கினார். "ஒண்டுமில்லை. நான் அளந்து பாத்தனான், சாதாரணம்தான். மூக்குத்தான் ஓடுது."

"நான் வரட்டோ?"

"உம்மட விருப்பம்."

அப்போது வெளியே தங்கச்சி கத்தினாள். "அக்கா! கார் வந்திட்டுது! அவா வேலைக்குப் போகோணுமாம்!" ஊரிலிருக்கும் ஒரு பெண்மணி, நடைக்காரர்களைப் பாதைவரை இலவசமாகக் கொண்டுபோய் விடுகிறவர், ஹார்ன் அடித்தார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, போனிடம் சொன்னேன்.

"சரி, சரி. அப்ப நான் வாறன். பிள்ளைக்கும் சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டு ஓடினேன்.

*

அடுத்த துண்டில் போன் சிக்னல் கிடையாது. நல்ல தண்ணீரும் கிடையாது. மாடு குடிக்கும் தொட்டி ஒன்றில் வடிகட்டி எடுத்தோம். காற்றாலைகள் சுழலும் ஒரு வெளியில் குடை இரண்டு தடவை மறுபக்கம் திரும்பியது. மகளின் மூக்கு இப்போது நின்றிருக்குமா என்று யோசித்தபடி நடந்தேன். யோசித்துக்கொண்டே நடந்ததால் முன்னைவிட வேகமாக நடந்தேன் என்றாள் தங்கச்சி.

ஒரு காலை, மலை முகடு ஒன்றில் ஏறி நின்றபோது, பைக்குள்ளிருந்து போன் விடாமல் டிங், டிங் என்றது. உட்கார்ந்து திறந்தேன்.

முதலில் கணவர். "எந்த பிளைட்?" பிறகு, "டிக்கெட் எடுத்தாச்சோ?" பிறகு, "நேரே வாற பிளைட் பின்னேரம்தான் இறங்குது. அதிலையோ? நீர் பதில் போடேல்லை, அதுக்கே பிள்ளையோட வந்து நிக்கிறன்." பிறகு மாமி, குரல் பதிவில்: "வந்தவுடன சோறு சாப்பிடுவியோ, இல்லாட்டி இடியப்பம் அவிக்கட்டோ? ரெண்டும் செய்யிறன்."

பிறகு அம்மா. மூன்று குரல் பதிவுகள். முதலாவது: "என்னடி, பிள்ளைக்குச் சளி எண்டவுடன தங்கச்சியை வனாந்தரத்திலை விட்டுட்டு வாறியாம்? ஆரைக் கேட்டு வாறாய்?" இரண்டாவது: "அவளின்ர மெசேஜ் வந்தது. ஐ ஆம் ஓகே எண்டு இருக்கு. ஐ ஆம்! அப்ப அவள் தனியத்தான் நிக்கிறாள்!"

தங்கச்சியிடம் ஒரு சின்னக் கருவி இருந்தது. சிக்னல் இல்லாத இடத்திலும் வானத்துச் செய்மதி வழியாக மாலையில் ஒரு செய்தி அம்மாவுக்குப் போகும். அனுப்ப மட்டும்தான் முடியும், வாங்க முடியாது. அந்தச் செய்தியை நான் சேர்வதற்கு முன்பே அவள் எழுதி வைத்திருந்தாள். நான் என்பதை நாங்கள் என்று மாற்ற நினைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டை விட்டுப் போகும்போது எங்கள் ஆட்கள் போறன் என்று சொல்வதில்லை. சாகப் போகிறவன்கூட வாறன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். நான் மோட்டல் அறையில் போனை வைக்கும்போது, மூச்சு விடுவது போல, அதைச் சொன்னேன். ஆனால் அதற்கு முந்திய வசனம் "நான் வரட்டோ?" இங்கிலீஷில் பேசியிருந்தால் பை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும். கணவரைக் குறை சொல்ல வழியில்லை. எந்த வாறனைச் சொன்னேன் என்று அந்த முகட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

மூன்றாவது பதிவில் அம்மா திட்டவில்லை. "பிள்ளை, நீ எங்க நிக்கிறாய்? அவர் ஏர்போர்ட்டிலை நிக்கிறார். நீ வரேல்லையாம்." அதற்குப் பிறகு கணவர்: "மோட்டலுக்கு எடுத்துக் கேட்டனான். ரெண்டு பேரும் நடக்கப் போயிட்டியளாம். சரி."

அந்தச் சரியைத் தங்கச்சியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து என் மடியில் வைத்தாள்.

கடைசியாக ஒரு வீடியோ. சரிக்கு முன்பே எடுத்தது, பிந்தி வந்தது. ஹீத்ரோ ஏர்போர்ட்டில் ஆட்கள் வெளியே வரும் இடம். மகள் மஞ்சள் ஜக்கெற் போட்டிருந்தாள். முதுகுப்பையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். மகள் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள். இல்லை. திரும்பி வந்தாள். இன்னொரு பெண், பை. ஓடினாள். இல்லை. கணவரின் குரல், "இப்ப வருவா, இப்ப வருவா." அவர் அதைச் சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார், எனக்குக் காட்டுவதற்காக.

நான் அழுதேன். வெள்ளைத்தாடிக்காரரும் மனைவியும் அதே முகட்டுக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கி நின்று, அக்காவுக்கு என்ன என்று தங்கச்சியிடம் கேட்டார்கள். அவள் விளக்கினாள். போகும்போது வருகிறேன் என்று சொல்வீர்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்கு எடுத்தேன். மாமி: "பிள்ளை இன்னும் கதவைப் பாக்குது. மணி அடிச்சால் அம்மா எண்டு ஓடுது. அமேசன்காரனைக் கண்டு அழுதிட்டாள்." மகள் போனுக்கு வரவில்லை. கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் வடிவாய்க் கேட்டிருக்கோணும்," என்றார். பிறகு, "ஹீத்ரோ பார்க்கிங் சரியான மோசம்," என்றார். அவருக்குக் கோபம் என்று விளங்கியது.

இந்தத் தடவை அவருடைய ‘உம்மட விருப்பம்’ வரும்வரை நான் காத்திருக்கவில்லை. "நாளைக்கு ஒரு றோட்டு வருது. அங்கயிருந்து ஏர்போர்ட்டுக்கு பஸ் இருக்காம். நான் வெளிக்கிடுறன்," என்றேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னேன். "வீட்டை. லண்டனுக்கு. பிளைட் நம்பர் அனுப்புறன்."

ஆனால் தங்கச்சிக்கு இன்னும் நடை மிச்சம் இருந்தது. நான் போனால் அவள் உண்மையிலேயே தனிய. அம்மாவுக்கு எடுத்தேன்.

"அப்ப ரெண்டு பேரும் வாங்கோ," என்றார் அம்மா.

தங்கச்சி போனைப் பார்க்கவில்லை. தூரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போன அந்த நாளின் முகம்.

"அம்மா, இஞ்ச ஒரு அங்கிளும் அன்ரியும் நடக்கினம். தங்கச்சி அவையோட வருவாள்," என்றேன். அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை.

"ஆர் அவையள்?"

"அமெரிக்கன் ஆக்கள். வயசானவை."

"கலியாணம் கட்டினவையோ?"

"ஓம் அம்மா. நாப்பது வருசத்துக்கு மேலையாம்."

"கோயிலுக்குப் போறவையோ?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். கிறிஸ்மஸுக்குப் போவதுண்டு என்றார் வெள்ளைத்தாடிக்காரர். "ஓமாம்," என்றேன்.

"குடு போனை."

அன்ரியிடம் கொடுத்தேன். அம்மாவின் இங்கிலீஷ் முப்பது வருடமாக லண்டனில் இருந்தும் தேவைக்கு மட்டும் வெளியே வரும். "மேடம், மை டோட்டர், ஸ்மோல் கேர்ள். யூ பிளீஸ் லுக்." அன்ரி நிமிர்ந்து நின்று, யெஸ் மேம் என்றார். பிறகு அம்மா ஏதோ நீளமாகச் சொல்ல, அன்ரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அம்மா என்ன சொன்னார் என்று பிறகு அன்ரியிடம் கேட்டேன். நடுவில் தமிழுக்கு மாறிவிட்டார், ஆனால் விளங்கியது என்றார்.

இருபத்தாறு வயது ஸ்மோல் கேர்ள் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். அவளிடமிருந்து வந்த மணத்தை எழுத முடியாது. என்னிடமிருந்தும் அதுதான் வந்திருக்கும்.

*

ஏர்போர்ட்டுக்கு மகளைக் கொண்டுவரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பிளைட் பிந்தினால் இன்னொரு தடவை அவள் நிற்கக்கூடாது. ஆகவே வெளியே வந்தபோது எனக்காக யாரும் இல்லை. எல்லோரும் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைச் சுற்றி நடந்து ரயிலைப் பிடித்தேன். என் பக்கத்துச் சீட்டில் யாரும் இருக்கவில்லை. நெருக்கடி நேரத்திலும்.

கதவைத் திறந்தது கணவர். என் பையை வாங்கிக்கொண்டார். பாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, "இதோடயோ நடந்தனீர்?" என்றார். பையைக் கொரிடோரில் வைத்தார். மாமி குசினி அடுப்படியிலிருந்து, "முதல்ல குளி, பிறகு பிள்ளையைத் தூக்கு," என்று கத்தினார்.

மகள் முன்னறைக் கதவில் நின்றாள். நான் முழங்காலில் நின்று கைகளை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. அண்ணாந்து பார்த்து, இல்லை என்று திரும்பிய அந்த ஓட்டத்தை நான் பார்த்திருந்தபடியால், ஓடாதது எனக்கு விளங்கியது. கைகளைக் கீழே போட்டேன்.

"அம்மா," என்றேன், என்னைக் காட்டி. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு என்னை நானே அறிமுகம் செய்துகொண்டிருந்தேன்.

அவள் என்னைச் சுற்றி, சுவரோடு ஒட்டி, நடந்து போனாள். பையை ஒரு விரலால் தொட்டாள். புழுதி ஒட்டியது. விரலைப் பார்த்தாள். பிறகு பையைக் கஷ்டப்பட்டுச் சரித்துப் படுக்கவைத்து, அதன்மேல் ஏறி இருந்தாள். இரண்டு கையாலும் தோள்பட்டிகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஊத்தை, இறங்கு செல்லம்," என்றார் மாமி.

"மாட்டன்," என்றாள் மகள். "அம்மா போகேலாது."

நான் குளித்துவிட்டு வந்தேன். அவள் இறங்கவில்லை. இடியப்பத்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் தரையில் இருக்க விட்டாள், தீத்தவும் விட்டாள். எங்கள் வீட்டுக் கொரிடோர் ஒடுக்கமானது. கழிவறைக்குப் போகவேண்டியிருந்தவர்கள் எங்கள் இருவரையும் தாண்டிக் கடந்துதான் போனார்கள்.